மருத்துவக் கல்லூரி நூலகம்: படிக்கவும் ஆய்வு செய்யவும் வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் தொடங்கி தீசிஸ் எழுதும் பி.ஜி. வரை, நர்சிங், பார்மசி மாணவர்களும் சேர்த்து, கவுன்ட்டரில் நின்று கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் காசநோயிலிருந்தே தந்திருக்கிறேன். சென்னையில் நடந்த ஆய்வு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றிய துறை அது.

எல்லாம் மொபைலிலேயே கிடைக்கிறதே, லைப்ரரிக்கு ஏன் வர வேண்டும்?

அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும் என்று வருபவர்கள்தான் அதிகம். அது நல்ல காரணம்தான், தாராளமாக வாருங்கள். ஆனால் நூலகத்தின் வேலை அதோடு முடிவதில்லை.

கூகுளில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். மருத்துவத்தில் ஏதாவது ஒன்று போதாது. ஒரு மருந்து பலன் தருகிறது என்று சொல்லும் கட்டுரை முதல் பக்கத்தில் வருகிறது, பலன் இல்லை என்று சொல்லும் மூன்று கட்டுரைகள் எங்கோ உள்ளே கிடக்கின்றன என்று வையுங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்தியவரின் முடிவு தவறாகிவிடும், பாதிப்பு நோயாளிக்குப் போய்ச் சேரும். எதைப் பார்த்தோம், எங்கே பார்த்தோம், எதை விட்டோம் என்று சொல்லும்படி தேடுவதைத்தான் நூலகத்தில் கற்றுக்கொள்ள முடியும்.

தீசிஸ் விஷயமாக நூலகரை எப்போது பார்க்கலாம்?

தலைப்பு முடிவாவதற்கு முன்பே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலும் நடப்பது வேறு. கைடு தலைப்பைச் சொல்லிவிடுகிறார், ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ் போகிறது, எதிக்ஸ் கமிட்டி அனுமதி வருகிறது, நோயாளிகளைச் சேர்த்து டேட்டாவும் எடுத்தாகிவிடுகிறது. சமர்ப்பிக்கச் சில வாரங்கள் இருக்கும்போது, "சார், ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சருக்கு ஒரு முப்பது ரெஃபரன்ஸ் வேண்டும்" என்று வருகிறார்கள். அப்போது தேடிப் பார்த்தால் இதே கேள்விக்கு இன்னும் பெரிய ஆய்வு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கும். அல்லது அளந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றை அளக்காமல் விட்டது தெரியும். நோயாளிகளைத் திரும்ப அழைத்து அளக்க முடியாது. இரண்டு ஆண்டு உழைப்பு அது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் தேடியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கேள்வி அரைகுறையாக இருக்கும்போதே வாருங்கள். அதைத் தெளிவாக்குவதும் எங்கள் வேலைதான்.

என் தலைப்பு "காசநோயும் ஊட்டச்சத்தும்". மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டால் ஆயிரக்கணக்கில் வருகிறது. என்ன செய்வது?

அது இன்னும் கேள்வியாகவில்லை, வெறும் தலைப்பாகத்தான் இருக்கிறது. முதலில் யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று நான்காகப் பிரியுங்கள். ஆய்வு முறை வகுப்பில் 'பிக்கோ' என்று சொல்லித் தருவது இதைத்தான். உங்கள் தலைப்பு இப்படி மாறும்: நுரையீரல் காசநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பெரியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு உணவுப் பொருளும் சேர்த்துக் கொடுத்தால், சிகிச்சை மட்டும் பெறுவோரைவிட ஆறாவது மாத முடிவில் எடை எவ்வளவு கூடுகிறது?

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; 1933-ல், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அந்த முறையை விளக்க வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டே காசநோய்தான். மருத்துவம், அதில் நுரையீரல், அதில் காசநோய், அதற்குச் சிகிச்சை, எக்ஸ்-கதிர் வழியாக, ஆய்வு, இந்தியா, 1950 என்று ஒரு புத்தகத்தின் பொருளை கூறு கூறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருவார். தேடும்போது நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள்.

இனி ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள மாற்றுச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நாம் பாராசிட்டமால் என்கிறோம், அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். நம் அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். அனீமியாவுக்கும் பீடியாட்ரிக்ஸுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு வேறு. நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் பெயரே 2020-ல் ஆர்.என்.டி.சி.பி.யிலிருந்து என்.டி.இ.பி. என்று மாறியது. புதிய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அதற்கு முந்தைய இந்திய ஆய்வுகளில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது.

ஒரே பொருளுள்ள சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஒரு பகுதியையும் அடுத்த பகுதியையும் 'ஆண்ட்' (AND) கொண்டு இணையுங்கள். பப்மெட்டில் இந்த இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நான்கு பகுதிகளையும் ஒரே தடவையில் இணைக்க வேண்டாம். நோய், சிகிச்சை ஆகிய இரண்டை மட்டும் முதலில் இணைத்து, எத்தனை வருகிறது என்று பார்த்துக்கொண்டு மற்றதைச் சேருங்கள். 'நாட்' (NOT) என்பதைத் தொடாமல் இருப்பதே நல்லது. "குழந்தைகள் வேண்டாம்" என்று நீக்கினால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வும் போய்விடும்.

இந்தத் தலைப்பில் ஒழுங்காகத் தேடினால் ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு கட்டாயம் கைக்கு வர வேண்டும். காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று காட்டிய ஆய்வு அது. நன்கு தெரிந்த ஒரு முக்கியக் கட்டுரை உங்கள் முடிவுப் பட்டியலில் இல்லையென்றால் தேடலில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். தேடலைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

மெஷ் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் போதாதா?

போதாது. மெஷ் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்துவரும் பொருள் சொற்பட்டியல். கட்டுரையில் ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் அதை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்துவிடும் என்பது அதன் பலம். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் கிடையாது. மெஷ் சொற்கள் இடப்படும் மெட்லைன் தொகுப்பில் சேராத, பப்மெட் சென்ட்ரல் வழியாக மட்டும் உள்ளே வரும் இதழ்கள் பல இருக்கின்றன, அவற்றில் இந்திய இதழ்களும் உண்டு. மெஷ்ஷை மட்டும் நம்பினால் நம் ஊர் ஆய்வுகளே விடுபட்டுப் போகும். மெஷ் சொல், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொல் இரண்டையும் 'ஆர்' போட்டு வையுங்கள்.

கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது. கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு மாணவர் கைக்காசு போட்டுக் கட்டுரை வாங்கும் நிலை வரவே கூடாது. இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் முதலில். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று இதற்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 மின்னிதழ்கள். கல்லூரி பதிவு செய்திருந்தால் வளாக இணையத்தில் நேராகத் திறக்கும். திறக்கவில்லை என்றால் "நம் கல்லூரியில் இல்லை போல" என்று நீங்களாக முடிவு செய்யாமல் எங்களிடம் சொல்லுங்கள். பல நேரம் வளாகத்தின் ஐ.பி. முகவரி மாறியதுதான் காரணமாக இருக்கும். யாராவது சொன்னால்தானே சரிசெய்ய முடியும்.

அடுத்தது பப்மெட் சென்ட்ரல். 2000-ல் தொடங்கியது, இங்கே முழுக் கட்டுரையும் இலவசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1913 முதல் நடத்திவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அன்பேவால் என்ற இலவசச் செயலியை பிரவுசரில் சேர்த்துவிட்டால், ஒரு கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக் கொடுக்கும். ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வறிக்கைகள் பல, வெளியான 12 மாதத்தில் இலவசமாகிவிடுகின்றன.

எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரையில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். இரண்டு வரி மரியாதையாக எழுதுங்கள். தம் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்பது எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சி தருவதுதான். இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து நாங்கள் வரவழைத்துத் தருகிறோம். திருட்டுத்தளங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். இந்த வழிகளை முயன்றால் அதற்கான தேவை பெரும்பாலும் வராது.

நான் தனியார் கல்லூரியில் படிக்கிறேன். எனக்கும் அந்தச் சந்தா உண்டா?

முதல் கட்டத்தில் இல்லை, அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். உங்கள் கல்லூரியே சந்தா கட்டியிருக்கும், நூலகத்தில் பட்டியல் கேளுங்கள். மேலே சொன்ன இலவச வழிகள் எல்லாருக்கும் பொதுவானவை.

வீட்டிலிருந்தோ வார்டிலிருந்தோ பார்க்க முடியுமா?

முடியும். கல்லூரி வழங்கும் ரிமோட் ஆக்சஸ் கணக்கு வேண்டும். நூலகத்தில் ஐ.டி. கார்டோடு வந்தால் போட்டுத் தருவார்கள். பாஸ்வேர்டை நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே கணக்கிலிருந்து கட்டுக்கட்டாகப் பதிவிறக்கம் நடந்தால் பதிப்பகம் மொத்தக் கல்லூரிக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

சீனியர் பழைய பதிப்புப் புத்தகம் கொடுத்தார். அதையே படிக்கலாமா?

அனாடமி என்றால் பெரிய நஷ்டம் இல்லை. மருந்து, சிகிச்சை என்றால் கூடாது. காசநோய்க்கு நம் தேசியத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் நாடு முழுவதும் தினசரி முறைக்கு மாறினார்கள். அதற்கு முன் அச்சான புத்தகத்தைப் படித்துவிட்டு வைவாவுக்குப் போனால் மதிப்பெண் போகும். வார்டில் அதையே எழுதினால் நோயாளிக்கு ஆபத்து. புத்தகத்தை எடுத்ததும் அட்டையைப் பார்க்காமல் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் உள்ள அச்சு ஆண்டைப் பாருங்கள்.

அலமாரியில் உள்ள எண்களுக்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலான கல்லூரிகளில் டூயி பகுப்பு முறைதான். 610 மருத்துவம். 611 உடற்கூறு, 612 உடலியங்கியல், 615 மருந்தியல், 616 நோய்கள், 617 அறுவை சிகிச்சை, 618 மகப்பேறும் பெண்கள் நலமும். காசநோய் 616.995. சில நூலகங்களில் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடு இருக்கும். அது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பு. ஒரு புத்தகத்தைத் தேடி வந்தால் அதன் இருபுறமும் உள்ளவற்றையும் ஒரு தடவை பாருங்கள். ஒரே பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படிதான் அடுக்கியிருக்கிறோம்.

ஐந்து ஆண்டுக்குள் வந்த கட்டுரைகளை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்களே?

இப்போதைய நிலையைச் சொல்ல அது சரி. ஆனால் அதையே விதியாக வைத்துக்கொண்டால், ஏன் இப்படிச் சிகிச்சை செய்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

சென்னையில் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று அது சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம், மாதக்கணக்கில் படுக்கை. அத்தனை படுக்கைகளுக்கு இங்கே எங்கே போவது? நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீடு, போதாத உணவு என்று எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 51-ஆம் பக்கம் தொடங்கி 144-ஆம் பக்கம் வரை அந்த அறிக்கை வந்தது. உலகம் சானடோரியங்களை விட்டு வெளியே வந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த அறிக்கை பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டார்களா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்தது வரை எழுதியிருக்கிறார்கள். ஊட்டச்சத்து பற்றித் தீசிஸ் எழுதுபவர் அதைப் படிக்காமல் இருந்தால் பெரிய குறைதான். ஆண்டு வடிகட்டியைப் போடுவதற்கு முன் ஒரு தடவை வடிகட்டி இல்லாமலும் தேடிப் பாருங்கள்.

பழைய பி.ஜி. தீசிஸ்களைப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற தேசிய இணையக் களஞ்சியம். அமைப்பைப் பார்த்துக்கொள்ளவும், உங்கள் தலைப்பை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று அறியவும்தான் இவை. பத்தியை எடுத்து ஒட்டினால் மென்பொருள் உடனே காட்டிவிடும்.

சித்த மருத்துவ ஆய்வுக்கு எங்கே தேடுவது?

மூலிகையின் பெயரில்தான் சிக்கல் வரும். ஆடாதோடையைத் தேட, ஜஸ்டிசியா ஆடாதோடா, ஆடாதோடா வாசிகா என்ற இரண்டு தாவரவியல் பெயர்களையும் போட வேண்டும். இரண்டும் ஒரே செடி. 'ஆடாதோடை' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், ஒன்றும் சரியாக வராது. பப்மெட்டோடு ஆயுஷ் ரிசர்ச் போர்ட்டலையும் பாருங்கள். பழைய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உண்டு.

ரெஃபரன்ஸைக் கையாலேயே அடிக்கலாமா?

முப்பது ரெஃபரன்ஸுக்குக் கையால் அடித்து, நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் எல்லா எண்ணும் மாறும்போது அழுகை வரும். ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வரிசைப்படுத்தும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம். முதல் நாளிலிருந்தே போடுங்கள். மருத்துவத்தில் வழக்கமான வான்கூவர் பாணியை அதில் தேர்ந்தெடுத்தால் ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் சுருக்குவது வரை அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஜோட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றை ஆதாரமாகக் காட்டி எழுதிவிடக் கூடாது.

சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்கலாமா?

மாற்றுச் சொற்களைக் கேளுங்கள், கடினமான பத்தியை விளக்கச் சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் கேட்காதீர்கள். உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு, பக்க எண் எல்லாம் இருக்கும், ஆனால் பல நேரம் அப்படியொரு கட்டுரையே இருக்காது. இப்படிப்பட்ட பட்டியலோடு வந்து "இந்தக் கட்டுரையை எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒரு ரெஃபரன்ஸைச் சேர்ப்பதற்கு முன் அதன் பப்மெட் எண்ணையோ டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண்ணையோ அடித்துத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, நீங்கள் எழுதிய செய்தி அதில் இருக்க வேண்டும்.

"ஏழு நாளில் வெளியிடுகிறோம்" என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்தது.

பணம் கட்டுவதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். அந்த இதழ் மெட்லைனிலோ, இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யிலோ இருக்கிறதா என்று அந்தத் தளங்களிலேயே போய்ப் பார்ப்போம். இதழின் பக்கத்தில் போட்டிருக்கும் லோகோவை நம்ப வேண்டாம். ஏழு நாளில் ஒரு மருத்துவக் கட்டுரையை நேர்மையாக மதிப்பிட முடியாது.

தீசிஸுக்குப் பதில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்தால் எளிது, நோயாளிகளே வேண்டாம் என்கிறார்கள்.

எளிது அல்ல. ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் முறைப்படி தேடித் தொகுக்கும் வேலை அது. ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டாபேஸில் தேட வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், திட்டத்தை ப்ராஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், பிரிஸ்மா 2020 வழிகாட்டுதலின்படி எத்தனை கட்டுரை வந்தது, எத்தனையை எதற்காக விட்டோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். துணைக்கு ஒருவரும், முறை தெரிந்த கைடும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். தேடல் பகுதிக்கு நூலகரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாணவர் இல்லை. என் அம்மாவின் நோயைப் பற்றிப் படிக்க வரலாமா?

கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். டீன் அலுவலகத்தில் அனுமதி பெற்று உள்ளே அமர்ந்து படிக்க விடும் இடங்கள் உண்டு. புத்தகம் வீட்டுக்குக் கிடைக்காது. வராமலே படிக்க, காக்ரேன் தளத்தில் எளிய நடைச் சுருக்கங்கள் பல தமிழிலேயே இருக்கின்றன. படித்ததில் எழும் சந்தேகங்களை எழுதி எடுத்துப் போய் அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நூலகரைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கேள்வி எழுதிய ஒரு தாள், ஐ.டி. கார்டு, லேப்டாப். ஏற்கெனவே படித்துப் பிடித்த கட்டுரை ஒன்றிரண்டு இருந்தால் அவையும் வேண்டும், அவற்றின் மெஷ் சொற்களிலிருந்தே தேடலைத் தொடங்கலாம். ஓ.பி. முடிந்து பிற்பகலில் வந்தால் அவசரமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். பப்மெட்டில் சொந்தக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டு வந்தால் தேடலைச் சேமித்து வைத்துவிடுவோம். அதன்பின் அதே பொருளில் புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.